தேர் நிலைக்கு வந்த கதையும் உன் கழுத்துக் கருப்பும்

என்றைக்கும் என்னை முந்திக்கொண்டே போகிற என் அருமை அக்கா செல்லத்தாய்க்கு,

உன் தம்பி குருசாமி எழுதுகிறேன். போனவர்களிடம் நலம் விசாரிக்கக் கூடாது என்று பேச்சியம்மாள் சொல்கிறாள். உன் தம்பி பெண்டாட்டி எதைத்தான் கூடும் என்றாள்? நீ நலமாகத்தான் இருப்பாய். அங்கேயும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு நல்ல பேர் வாங்கிக்கொண்டிருப்பாய். நான் இங்கே மடவார் வளாகத்தில் உட்கார்ந்து நம் குடும்பத்துப் பேரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

வழக்கமாக உன் நினைவு நாளுக்குத் தெருமுக்கில் ஃப்ளெக்ஸ் வைப்பேன். உன் படம் நடுவில், என் படம் ஓரத்தில், ஆனால் கொஞ்சம் பெரிதாக. இந்த வருஷம் நம் சங்கத்து மாத மலரில் இடம் தருகிறோம், எழுதித் தாருங்கள் என்று கேட்டு வந்தார்கள். கெஞ்சினார்கள் என்றே வைத்துக்கொள். எட்டாவதோடு நான் படிப்பை நிறுத்தியபோது தமிழ் வாத்தியார் நம் வீட்டு வாசலில் நின்று துண்டால் கண்ணைத் துடைத்தவர் ஆயிற்றே. வெயிலுக்கு வேர்வையைத் துடைத்தார் என்று நீ சொல்வாய். நான் சொல்கிற எதிலும் ஒரு சிட்டிகையைக் குறைக்காவிட்டால் உனக்குத் தூக்கம் வராது.

மற்றவர்களும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும். வீட்டில் பெண்பிள்ளை இருப்பவர்கள் நிதானமாகப் படிக்கட்டும்.

மனசில் இருப்பதை முதலிலேயே கொட்டிவிடுகிறேன் அக்கா. எனக்குப் பொறாமை. சாதாரணப் பொறாமை இல்லை, சோறு இறங்காத பொறாமை. உன் மகள் கோமதியின் மாமியார் ராமலட்சுமி மேல்.

நீ போனபோது கோமதி மூன்றாம் வகுப்பு. அத்தான் வேறு கல்யாணம் செய்துகொண்டு திருப்பூர் போனார். அவரை இந்தக் கடிதத்துக்குள் இழுக்க மாட்டேன். பிள்ளையை நான்தான் வளர்த்தேன். அவள் ஆளானபோது நம் வீட்டுக்கே தாய்மாமன் சீர் ஊர்வலமாகக் கொண்டுவந்தேன் பார், ஊரே வாசலுக்கு வந்து நின்றது. யானை வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். யானை வரவில்லை; ஆனால் வந்த மாதிரி இருந்தது. பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உளுந்தங்களியும் என் கையால் கொடுத்தேன். கருப்பட்டியைக் கொஞ்சமாகப் போடச் சொன்னவர்களையெல்லாம் முறைத்தேன். ராஜபாளையத்தில் ஒரு பட்டாளத்துப் பையனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தபோதும் மாலை எடுத்துக் கொடுத்தது இந்தக் கைதான்.

அப்படிப்பட்ட பிள்ளை இப்போது என்ன செய்கிறாள் தெரியுமா? மாப்பிள்ளை வடக்கே எல்லையில் இருக்கிறார். வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும். மில்லில் நூற்புப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொம்பளை அந்த ராமலட்சுமி. அவள் இவளுக்குத் தலை வாரிவிடுகிறாள். இவள் அவளுக்குப் போனில் சீரியல் வைத்துக் கொடுக்கிறாள். போன மாசம் நான் நிற்கும்போதே "அம்மா, மாமாவுக்குக் காப்பி" என்று வாய் தவறிக் கூப்பிட்டாள். அத்தை என்று கூப்பிட வேண்டிய வாய்! எனக்குக் காப்பி கசந்தது. அதில் சர்க்கரையும் இல்லை, அது வேறு கதை.

உனக்குப் பொறாமை வருகிறதா அக்கா? வராது. எவள் வந்து எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிட்டுச் சிரிக்கிற ஆள் நீ. அதனால் உன் பங்கையும் சேர்த்து நானே பட்டுக்கொண்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சித்திரையில் ஒரு நாள் பால்கோவாப் பொட்டலத்தோடு ராஜபாளையம் போனேன். நான் வெறுங்கையோடு போகிறவன் இல்லை. வாசலிலேயே சம்பந்தியம்மா நின்றாள்.

"வாங்க அண்ணாச்சி. கையில என்ன?"

"பிள்ளைக்குப் பால்கோவா. கடாயிலருந்து எறக்குன சூட்டோட வாங்குனது. கடக்காரரு எனக்குன்னா தனியா எடுத்து வச்சிருவாரு."

"அவளுக்கு வேண்டாமே அண்ணாச்சி. இனிப்பக் கொறைக்கச் சொல்லியிருக்காக டாக்டரம்மா."

"எந்த டாக்டரம்மா? எனக்குத் தெரியாம எந்த டாக்டரம்மா?"

உள்ளே இருந்து கோமதி வந்தாள். "கோவப்படாதீக மாமா. நான் வேல பாக்குற மில் ஆபீஸ்ல மாடிப்படி ஏறுனாலே மூச்சு வாங்குது. நாள் வேற தள்ளித் தள்ளிப் போவுது. அத்ததான் பாத்துட்டுக் கூட்டிட்டுப் போனாக. நீர்க்கட்டின்னு சொல்லுதாக."

எனக்குக் கேட்டதெல்லாம் அந்த 'அத்ததான்' மட்டும்தான். நீர்க்கட்டி எனக்குப் புதுசா? கழற்சிக்காய்ப் பொடியும் மிளகும் மோரில் கலந்து, அவள் பள்ளிக்கூடம் போகும்போதே கொடுத்தவன் நான். கட்டி என்றால் கரையும், கரைந்தால் வீட்டில் தொட்டில் ஆடும், அவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன். ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பார்க்கிறவர்கள் எல்லாம் அவளிடம் "ஏட்டி, விசேஷம் உண்டா?" என்றுதான் கேட்டார்கள். உன் நெஞ்சு எப்படி இருக்கிறது தாயி என்று எவர் கேட்டார்?

அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது நானும் வருவேன் என்று பிடிவாதமாக நின்றேன். தாய்மாமன் இல்லாமல் என்ன காரியம்? தவிர, நான் மருத்துவத் துறைக்காரன். சத்திரப்பட்டியில் ஓடுகிற விசைத்தறிகளில் நெய்கிற பேண்டேஜ் துணியை வெளுத்து, வெட்டி, சுருட்டி அனுப்புகிற கொட்டடியில் எனக்கு மேஸ்திரி வேலை. நம் நாட்டில் பட்ட காயத்தில் பாதி, என் கையால் சுருட்டிய துணியில்தான் ஆறியது. இதைச் சொன்னதற்குப் பேச்சியம்மாள், "பேண்டேஜ் துணி சுருட்டுறவுக மெடிக்கல் லைனாம். அப்பச் சாக்கு தைக்கிறவன் அரிசி வியாபாரியா?" என்றாள். அவளுக்குத் தொழில் ஞானம் கிடையாது.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சடங்குக்குப் போகிற மாதிரியே போனேன். டாக்டரம்மா சின்ன வயசு. என்னைப் பார்த்ததும் ஒரு நாற்காலி கூடுதலாகப் போடச் சொன்னார். கோமதியின் தாடையில் முளைத்த முடியைப் பார்த்தார். கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு அவள் பின்னலை ஒதுக்கிக் கழுத்தைப் பார்த்தார்.

நீ பார்த்திருக்க மாட்டாய், ஆளான பிறகு அவள் பின்கழுத்து கருத்து, வெல்வெட்டுத் துணி மாதிரி தடித்திருக்கும். கவரிங் செயின் கருப்பு என்று நாங்கள் விட்டுவிட்டோம். டாக்டரம்மா விடவில்லை.

"பிள்ளை வேணும்கிறதப் பத்திக் கண்டிப்பாப் பேசலாம். அதுக்கு முன்னாடி உங்க இதயத்தப் பத்திப் பேசணும்" என்றார்.

"எதயமா?" சம்பந்தியம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "கர்ப்பப்பையிலதானங்க பிரச்சன?"

"பேரே நீர்க்கட்டின்னு இருக்கிறதால எல்லாரும் அங்கயே பாக்குறாங்க. இது உடம்பு முழுக்க ஓடுற விஷயம்மா. சாப்பிடுற சர்க்கரைய உடம்பு சரியாச் செலவழிக்க மாட்டேங்குது, அதோட அடையாளம்தான் இந்தக் கழுத்துக் கருப்பு. அது மட்டும் இல்ல, நிறையப் பேருக்கு உள்ளுக்குள்ள ஒரு லேசான அழற்சி இருந்துக்கிட்டே இருக்கும். காய்ச்சல் அடிக்காது, வலிக்காது. ஆனா வருஷக்கணக்கா ரத்தக்குழாயோட உள்சுவரக் கெடுத்துக்கிட்டே இருக்கும். கொழுப்பு அங்க போய்ப் படியும். அதனால இவங்களுக்கு மத்தவங்களவிட மாரடைப்பு வர வாய்ப்பு கூடுதல், கொஞ்சம் சீக்கிரமாவும் வரலாம். வந்தே தீரும்னு சொல்லல. இப்பவே பாத்தா நல்லாத் தள்ளிப் போடலாம்."

அழற்சி எனக்குத் தெரியாததா அக்கா? காயம் பட்ட இடம் சிவக்கும், சுடும், வீங்கும். அதன் மேல் சுற்றத்தானே நம் துணி போகிறது. ஆனால் ரத்தக்குழாய்க்குள்ளே சிவந்து கிடக்கிற இடத்தை எந்தத் துணியால் சுற்றுவது? நான் சுருட்டி அனுப்பிய அத்தனை துணியிலும் ஒரு முழம் கூட அங்கே எட்டாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, என் தொழில் முதல் தடவையாக எனக்கே சின்னதாகத் தெரிந்தது.

அடுத்து டாக்டரம்மா கேட்டார். "அம்மா இருக்காங்களா?"

"இல்லீங்க. சின்ன வயசுலயே போயிட்டாங்க."

"எப்படி?"

கோமதி வாயைத் திறக்கும் முன்னால் சம்பந்தியம்மா முந்திக்கொண்டாள். "அது பெரிய புண்ணியச் சாவுங்க டாக்டர். ஆடிப்பூரத் தேரு நிலைக்கு வந்து நிக்குது. கூட்டத்துல நின்னு தாயேன்னு ரெண்டு கையயும் தூக்கிக் கும்பிட்டாகளாம். மொகத்துல அப்படி ஒரு சிரிப்பாம். அப்படியே தம்பி தோள்ல சாஞ்சாகளாம். ஒரு வலி இல்ல, ஒரு நோக்காடு இல்ல. தலையில வச்ச மல்லிப்பூ கூட வாடலயாம்."

அக்கா, அது என் கதை. நான் கட்டியது. நீ போன பிறகு கோமதி படுக்கவே மாட்டாள்; அம்மாவுக்கு வலித்ததா, வலித்ததா என்று அரித்தெடுப்பாள். பிள்ளையின் முகத்தைப் பார்த்து எதைச் சொல்வது? தேரைக் கொண்டுவந்தேன். அடுத்த நாள் சிரிப்பைச் சேர்த்தேன். மல்லிப்பூ அதற்கடுத்த வருஷம் வந்தது. பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பிணத்துக்கே மாலை போடுகிறோம், சாவுக்கு ஒரு பூ வைத்தால் குற்றமா? பிறகு நம் சொந்தக்காரர்கள் எல்லோரும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்கள். கூட்டத்தில் நின்று கண்ணால் பார்த்தோம் என்று சொல்கிறவர்கள் கூட இருக்கிறார்கள்.

இப்போது அந்தக் கதை ராமலட்சுமி வாயில். அதுவும் என்னைவிட நன்றாகச் சொன்னாள்! இரண்டு கையையும் தூக்குவது அவள் சேர்த்தது. எனக்கு அது தோன்றவே இல்லை.

"அப்ப இதயக் கோளாறு எதுவும் இல்ல. சரி" என்று டாக்டரம்மா எழுதுவதற்குக் குனிந்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "அம்மாவுக்கும் கழுத்து இப்படிக் கருத்து இருந்ததா?" என்றார்.

"இல்லயே, அம்மா கழுத்து வெள்ளையாத்தான் இருக்கும். படத்துல இருக்கே" என்றாள் கோமதி.

படத்தில் இருக்கும். ஏன் இருக்காது? முதல் ஃப்ளெக்ஸ் அடித்தபோது ஸ்டுடியோக்காரர், "அண்ணாச்சி, அக்கா கழுத்து கருப்பா விழுந்திருக்கு, சரி பண்ணிரவா?" என்று கேட்டார். நல்லா வெளுப்பாக்கிவிடுங்கள் என்றது நான். பெற்ற பிள்ளையின் ஞாபகத்தில் கூட இப்போது அந்த ஸ்டுடியோக்காரர் கைவேலைதான் இருக்கிறது.

உண்மைக்காக வாயைத் திறந்தேன் என்று இந்த மலரில் எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உன்னிடம் எப்படிச் சொல்வது? என் கதையை ஒருத்தி என் முன்னாலேயே சொல்லி, டாக்டர் அதைக் கேட்டுத் தலையாட்டியதைப் பொறுக்க முடியவில்லை. அவளுக்குத் தெரியாதது ஒன்று எனக்குத் தெரியும். உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். அதற்காகத்தான் "எழுதாதீங்க டாக்டர்" என்றேன்.

பிறகு சொல்லச் சொல்ல அந்தப் பெருமை எங்கேயோ போய்விட்டது.

தேர் அன்றைக்கு ஓடவே இல்லை. தேருக்கு இன்னும் நாள் இருந்தது. நீ மம்சாபுரத்து வீட்டில் இருந்தாய். அந்த வாரம் முழுக்க அசதி என்றாய். குடம் தூக்கினால் மூச்சு வாங்கியது. "ஏலே குருசாமி, தாடையெல்லாம் இழுக்குதுலே, முதுகுல ஏதோ பிடிச்ச மாதிரி இருக்கு, வாய்வு போல" என்று சொல்லி ஓமத்தண்ணீர் குடித்தாய். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ ஒரு தடவை கூடச் சாயவில்லை, அதனால் எவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அன்றைக்குக் காலையில் கோமதி பள்ளிக்கூடம் போன பிறகு துணி துவைத்துக்கொண்டிருந்தவள் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாய். மழையில் நனைந்த மாதிரி வேர்வை. வாந்தி எடுத்தாய். ஆட்டோவில் என் மடியில் படுத்துக்கொண்டு, "நெஞ்சு மேல ஆரோ ஆட்டுக்கல்லத் தூக்கி வச்சிருக்காவலே" என்றாய். ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்று சொல்லும்போது நீ இல்லை. உனக்கு அப்போது நாற்பது கூட முழுசாகக் கடக்கவில்லை. உன் கழுத்து கருப்புத்தான். பாசிப்பயறு மாவு போட்டு நீ தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பாய். உனக்கும் நாள் ஒழுங்காக வராது. கோமதியே எத்தனையோ வருஷம் கழித்து, வேண்டாத கோயில் எல்லாம் வேண்டிப் பிறந்தவள்.

ஒரு சொல் கூட நான் சேர்க்கவில்லை அக்கா. நீ உயிரோடு இருந்திருந்தால் என்னை அடையாளம் தெரிந்திருக்காது உனக்கு.

டாக்டரம்மா எழுதியதை அடித்துவிட்டு முதலிலிருந்து எழுதினார். "நல்ல வேளை சொன்னீங்க. இது தெரியாம இருந்திருந்தா நான் இவ்வளவு அவசரப்பட்டிருக்க மாட்டேன்" என்றார். சர்க்கரை, கொழுப்பு, அழற்சியைக் காட்டுகிற ஒரு ரத்தச் சோதனை, இதயத்துக்குப் படம் என்று அன்றைக்கே எல்லாவற்றுக்கும் அனுப்பினார்.

கோமதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ, அம்மாவுக்கு வலிச்சுதா மாமா?"

"வலிச்சது தாயி."

"நானும் ஒரு வருஷமா நெஞ்சு ஒரு மாதிரி இருந்தா வாய்வுன்னு சீரகத்தண்ணியக் குடிச்சுட்டுப் படுத்துக்கிட்டு இருக்கேன் மாமா. எங்கம்மாதான் சிரிச்சுக்கிட்டே போனாளே, எனக்கு என்ன வந்துரப் போகுதுன்னு."

அவள் தலையைத் தடவக் கையை நீட்டினேன். அவள் திரும்பி ராமலட்சுமி தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். என் தோள் பக்கத்திலேயே காலியாக இருந்தது.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து போன் இல்லை. சம்பந்தியம்மாதான் பேசினாள். "இன்னிக்கு நெலமைக்கு எதயம் நல்லா இருக்குன்னுட்டாக அண்ணாச்சி. ஆனா சக்கரை வெளிம்புல நிக்கிதாம். கெட்ட கொழுப்பு கூடுதலாம், பிரசரும் லேசா மேல. மாத்திர குடுத்துருக்காக. தெனமும் நடக்கச் சொல்லியிருக்காக, நல்லாத் தூங்கச் சொல்லியிருக்காக. பயப்பட ஒண்ணுமில்ல, விட்டுரவும் கூடாதுன்னாக."

"பிள்ளையக் கூப்பிடுங்க."

"செத்த நேரம் பொறுங்க." பிறகு அவள் குரல் தாழ்ந்தது. "பொறவு பேசுதாளாம் அண்ணாச்சி."

பொறவு பேசுகிறாளாம்! முடங்கியார் ரோட்டில் இரண்டு பேரும் காலையில் நடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். முதல் பஸ் பிடித்துப் போய் ஒரு டீக்கடைப் பெஞ்சில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வந்தார்கள். மாமியார் கையை வீசி முன்னால், இவள் செருப்பு இழுபட்டுப் பின்னால். ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வேறு போனார்கள். வயிற்றெரிச்சலுக்கு நீர்க்கட்டி தேவையில்லை அக்கா. எனக்குள்ளேயும் ஏதோ சிவந்து, சுட்டுக்கொண்டுதான் இருந்தது.

திரும்பி வரும்போது சம்பந்தியம்மா மட்டும் பெஞ்சுப் பக்கம் ஒதுங்கினாள். கோமதி பாலத்து ஓரமாக நின்றுவிட்டாள்.

"பேப்பரத் தலகீழாப் பிடிச்சிருக்கீக அண்ணாச்சி."

"சும்மா இந்தப் பக்கம் ஒரு சோலி."

"உங்க சோலி தெரியாதா? ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்காதீக. நீங்க வந்துட்டா இவ எங்கூடப் பேசவே மாட்டா. மாமா மாமான்னு உங்க கதையவே கேட்டுக்கிட்டு ஒக்காந்துருப்பா. எனக்கும் இருக்கும்லா?"

அவளுக்குமா! எம்புட்டு நிம்மதியாக இருந்தது தெரியுமா? என் மேல் பொறாமைப்பட உலகத்தில் ஒரு ஆள். உன் மேல்தான் எல்லோரும் படுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

"எம்மகன் பட்டாளத்துல கெடக்கான்" என்றாள். "இவளுக்கு ஒண்ணுன்னா நான் ஆரக் கூப்பிட? உங்களத்தான. மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்காதீக, வீட்டுக்கு வாங்க."

வெறுங்கையோடு எப்படிப் போவது? பால்கோவா கூடாது. கருப்பட்டி கூடாது. அந்தச் செருப்பு இழுபட்டது மட்டும் கண்ணிலேயே நின்றது. கடையில் போய், நடக்கிறவர்கள் போடுகிற ஷூவில் நல்லதாகப் பார்த்து எடுத்தேன். அளவு சம்பந்தியம்மாவிடம் கேட்டேன். அந்த ஒரு தடவை மட்டும் கேட்டேன். சீர் என்றால் சீராகத்தானே கொண்டுபோக வேண்டும்? பித்தளைத் தாம்பாளம், வெற்றிலை பாக்கு, தேங்காய், மஞ்சள், பூ, நடுவில் ஷூ. பஸ்ஸிலிருந்து இறங்கி அந்தத் தெருவில் தாம்பாளத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்தேன். தெரு அடைத்துக்கொண்டது என்று சொல்ல மாட்டேன். ஜன்னல்கள் திறந்தன.

சம்பந்தியம்மா வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஐயய்ய, தாம்பாளத்துல செருப்பா! பூவும் தேங்காயும் வச்சு! எங்க ஊருல இப்படி ஒரு மாமன நான் பாத்ததே இல்லயே!"

"தங்கத்துல கொண்டாந்தா கழுத்துக்கு. ரப்பர்ல கொண்டாந்தா நெஞ்சுக்கு. நகருங்க சம்பந்தியம்மா."

உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அடக்கி, முடியாமல் வெடிக்கிற சிரிப்பு. உன் சிரிப்பு அக்கா. கோமதி வந்து தேங்காயை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஷூவை மட்டும் தனியாக எடுத்தாள். "போங்க மாமா" என்று சொன்னாள். போகச் சொல்கிற 'போங்க' இல்லை அது.

பிறகு தரையில் உட்கார்ந்து, நாடாவைக் கட்டிக்கொண்டே, "அந்த வாரத்துல நடந்தத மறுபடி சொல்லுங்க. முழுசாச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். ஓமத்தண்ணீர், தாடை, துவைக்கிற கல், ஆட்டோ, என் மடி. இடையில் நிறுத்தவே இல்லை அவள். சம்பந்தியம்மா காப்பியை எடுத்துக்கொண்டு வந்து, கொடுக்க மறந்து நின்றாள். முடிந்ததும் கோமதி தன் பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப இது அம்மா கழுத்து."

அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது அக்கா. சிரிக்காதே. வளர்த்தது நான். முட்டை கொடுத்தது நான், களி கொடுத்தது நான். போன இடத்திலிருந்தே நீ கழுத்தையும் கொடுத்து, சிரிப்பையும் கொடுத்து வைத்திருக்கிறாய். என்னிடம் இருந்து அந்தப் பிள்ளை எதைத்தான் வாங்கியிருக்கிறாள்?

போன வாரம்தான் தெரிந்தது. மில் ஆபீசில் கோமதியோடு வேலை பார்க்கிற ஒரு பெண் தாடை வலி, முதுகு வலி, வாயு என்று சொல்லி மேசையிலேயே படுத்திருக்கிறாள். அவளுக்கும் நாள் ஒழுங்கில்லை, அவளுக்கும் கழுத்து கருப்பு. கோமதி விடவில்லை. அவளை உட்கார வைத்து உன் கதையைச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் என்னை பஸ் ஸ்டாண்டில் பார்த்துக் கும்பிட்டாள்.

"நீங்கதான கோமதி மாமா? அக்காவ மடியில போட்டுக்கிட்டு, ஆட்டோக்காரன ஓட்டு ஓட்டுன்னு வெரட்டி, ரயில்வே கேட்டயே தெறக்க வச்சீகளாமே? மெடிக்கல் லைன்ல பெரிய ஆளாமே நீங்க? அவ சொல்லி முடிக்கவும் மில்லுல லீவு சொல்லிட்டேன். அன்னிக்கே போய்க் காட்டிட்டேன். சக்கரையும் பிரசரும் எக்கச்சக்கமா இருந்துச்சு. இப்ப மாத்திர சாப்பிடுதேன்."

நாம் வந்த வழியில் ரயில்வே கேட் ஏது அக்கா? நான் அவளிடம் சொன்னதில் கேட் இல்லவே இல்லை. அது அவளாகச் சேர்த்தது. வலியையும் வேர்வையையும் அப்படியே வைத்துவிட்டு, ஓரத்தில் ஒரு கேட்டை மட்டும் நட்டிருக்கிறாள். அந்த பஸ் ஸ்டாண்டு நடுவில் நின்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெயிலுக்கு வந்த வேர்வை என்று நீ சொல்வாய்.

கழுத்து உன்னுடையது. வாய் என்னுடையது. போதும், இனி உன்னோடு எனக்குச் சண்டை இல்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த வருஷ ஃப்ளெக்ஸில் உன் கழுத்தை வெளுக்க மாட்டேன். ஸ்டுடியோக்காரரிடம் சொல்லிவிட்டேன்; எப்படி இருந்ததோ அப்படியே, தெருவில் போகிற பெண்பிள்ளைகள் எல்லாம் நின்று பார்த்துத் தங்கள் கழுத்தைத் தொட்டுக்கொள்கிற மாதிரி இருக்கும். தேர்க் கதையைத் தேர் இருக்கிற இடத்திலேயே விட்டுவிடுகிறேன். கோமதி நடக்கிற காலையில் எல்லாம் முடங்கியார் ரோட்டில் அவளோடு நானும் நடப்பேன். மாமியார் வலது பக்கம் பிடித்துவிட்டாள். இடது பக்கம் எனக்கு. நெஞ்சு இருக்கிற பக்கம் அதுதானே?

உன் உடன்பிறந்த தம்பியும், கோமதிக்கு இருக்கிற ஒரே தாய்மாமனும், சம்பந்தியம்மாவே பொறாமைப்படுகிற ஆளுமான,
குருசாமி,
மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்.